வாடகைக்குப் பதில் பாட்டு

கண்ணாடிக்காரனின் காரில் இருந்த பழைய ஸ்டீரியோ சிடியை விழுங்கும், திருப்பித் தராது. கடைசியாக அது விழுங்கியது அவன் மகளின் பள்ளிப் பாட்டு சிடியை. அதற்கப்புறம் வண்டியை எப்போது கிளப்பினாலும் அதே குழந்தைப் பாட்டின் அதே நாலு வரி திக்கித் திக்கி வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று வருகிறவர்களைக் கேட்டுக் களைத்தவன், வீடு திரும்பும் வழியிலாவது எதையாவது தெளிவாகக் கேட்க ஆசைப்பட்டதில் தப்பில்லை. புது செட் வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று.

மச்சானும் கூட வருவேன் என்று கிளம்பினார்.

மச்சான் அவன் மனைவியின் அண்ணன். லிப்ட் பழுது பார்ப்பவர். லிப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி சறுக்கிக் கணுக்கால் முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தது. எத்தனையோ கட்டிடங்களில் லிப்டை ஓட வைத்த மனிதர் குடியிருந்தது மட்டும் லிப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாவது மாடியில். ஒண்டிக்கட்டை வேறு. கட்டுப் போட்ட காலோடு அத்தனை படி எப்படி ஏறுவாய் என்று தங்கச்சிக்காரி மல்லுக்கட்டி, மருத்துவமனையிலிருந்து நேராகத் தன் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். கூடத்து சோபா அவருடைய படுக்கையானது. கட்டைப் பிரித்த பிறகும் ஒற்றை ஊன்றுகோலோடு அங்கேயே இருந்தார். அதிகம் நடக்கக் கூடாது, படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மச்சானுக்கு வாய் சும்மா இருக்காது. பல் தேய்க்கும்போதுகூட முனகல் கேட்கும். எந்தப் பாட்டு எந்தக் கருவியில் தொடங்குகிறது, எங்கே வயலின் விலகிப் புல்லாங்குழல் நுழைகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு ஸ்டீரியோ வாங்கப் போக முடியுமா?

ஒரே கடையில் முடிந்திருக்க வேண்டிய வேலை. டாக்டர் சொன்னதையும் மறந்து, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு மச்சான் தெரு முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினார். கழுத்தில் அடையாள அட்டை மாதிரி ஒரு பென்டிரைவ் தொங்கியது. எந்தக் கடையானாலும் முதலில் அதைச் செருகச் சொல்வார்.

"தம்பி, வண்டிய நிறுத்திட்டு மறுபடி கிளப்பினா, விட்ட எடத்துலேருந்து பாடுமா, இல்ல மொதப் பாட்டுலேருந்து ஆரம்பிக்குமா?"

"பாடும் சார்."

"பாடும்னா எதைப் பாடும்?"

விற்பனையாளன் முழித்தான். பிறகு பேச்சை மாற்றி, பெரிய திரை வைத்த செட் ஒன்றைக் காட்டினான். "இதுல படமே பாக்கலாம் சார்."

"வண்டி ஓட்டறவன் படம் பாத்தா, அப்புறம் அவனே படமா சுவத்துல தொங்குவான்" என்றார் மச்சான். "மாப்ளே, உனக்குக் குமிழ் வச்சதுதான் வேணும். ரோட்டைப் பாத்துக்கிட்டே கையால தடவித் திருப்பணும். தொடுதிரைன்னா நீ அதைப் பாப்பே, ரோடு உன்னைப் பாத்துக்கிட்டு இருக்கும்."

கடைசியில் ஒன்று அமைந்தது. சின்னத் திரை, கைக்கு அடக்கமான குமிழ், பென்டிரைவ் செருக முன்பக்கமே வாய். நிறுத்திய பாட்டை அது மறக்கவில்லை. மச்சான் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்துச் சோதித்துவிட்டார். கண்ணாடிக்காரன் ஒன்றே ஒன்றில் பிடிவாதமாக இருந்தான். ப்ளூடூத் இருக்க வேண்டும், போன் வந்தால் செட்டிலேயே பேச வேண்டும்.

"பாட்டு கேக்கற எடத்துல போன் எதுக்கு மாப்ளே?"

"கடைலேருந்து கூப்பிடுவாங்க மச்சான். கை ரெண்டும் ஸ்டியரிங்லயே இருக்குமில்ல."

"உன் வண்டி, உன் இஷ்டம்" என்று மச்சான் விட்டுக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பாட்டுகளை ஏற்றிப் போட்டால் வேறு ஒரு வம்பு. பாட்டின் பெயரெல்லாம் தமிழில் இருந்தது. செட்டுக்குத் தமிழ் தெரியாது. திரையில் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டமாக ஓடியது. "அடுக்குமாடி ஜன்னல் மாதிரி வரிசையா ஓடுது பாரு. எந்த ஜன்னல்ல எந்தப் பாட்டு இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?" என்றார் மச்சான். மறுநாளிலிருந்து காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் கணினியோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு பாட்டின் பெயரையும் ஆங்கில எழுத்தில் மாற்றினார். சில பாட்டுகள் செட்டுக்குப் புரியாத வடிவத்தில் இருந்தன. அவற்றை எம்பி3 ஆக்கினார். சத்தம் ஒன்றில் அதிகமாகவும் ஒன்றில் குறைவாகவும் இருந்ததைச் சமன் செய்தார். சாப்பிடக் கூப்பிட்டால், "இந்த ஒரு பாட்டு முடியட்டும்" என்பார். யாரும் அவரை இதைச் செய்யச் சொல்லவில்லை.

கண்ணாடிக்காரனுக்கு மச்சானைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் சோபா போயிற்று. காலையில் குளியலறை போயிற்று. பாட்டைப் போட்டால், "இங்க கவனி, இங்க கவனி" என்று விளக்கம் வந்துவிடும், நிம்மதியாகக் கேட்பதும் போயிற்று. இதையெல்லாம் மனைவியிடம் சொல்ல முடியாது. தன் தங்கச்சியிடம் சொன்னான்.

வேறு ஊரில் இருக்கிற அவன் தங்கச்சி, சாயங்காலங்களில் கூப்பிடுவாள். அவளுக்குச் சிரிப்பு சுலபத்தில் வரும். அவளைச் சிரிக்க வைப்பதில் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு ருசி. மச்சான் ஊன்றுகோலைத் தேடுவதை, பாத்திரம் திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவதைக் குரலிலேயே நடித்துக் காட்டுவான். "கால் எப்பவோ சரியாயிடுச்சு. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கரெக்டா நொண்டறாரு" என்றான் ஒரு நாள். "இப்ப பாட்டு ஏத்திக் குடுத்துக்கிட்டிருக்காரு. வாடகைக்குப் பதில் பாட்டு!" தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அது நன்றாக அமைந்துவிட்ட வாக்கியம் என்று அவனுக்கே தோன்றியது. அடுத்த நாளும் அதைச் சொன்னான்.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. லென்ஸ் அறுத்துத் தரும் பட்டறையில் சில கண்ணாடிகள் தயாராக இருந்தன, எடுக்கப் போனான். காற்றாட வருகிறேன் என்று மச்சானும் ஏறிக்கொண்டார். பட்டறை வாசலிலேயே நிறுத்தி, சாவியைப் பாதித் திருப்பில் விட்டு, பாட்டு ஓட, அவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு இறங்கினான். ரசீதைக் கொடுத்துவிட்டு வாசற்படியில் நிற்கும்போது பையில் போன் அடித்தது. தங்கச்சி.

"சொல்லு" என்றான். சத்தமே இல்லை. "ஹலோ. ஹலோ. கேக்குதா?" காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். இணைப்பு இருந்தது, விநாடி ஓடிக்கொண்டிருந்தது. சிக்னல் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டே தற்செயலாகக் காரைப் பார்த்தான்.

முன் கண்ணாடிக்குப் பின்னால் மச்சான் ஸ்டீரியோவையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல்கள் தொடையின்மேல் அப்படியே நின்றிருந்தன. ஒரு முறை அவர் வாய் அசைந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி அசைந்தது. போன் துண்டிக்கப்பட்டது.

கண்ணாடிகளை வாங்கிக்கொண்டு காருக்கு வந்தான். பாட்டு நின்றிருந்தது.

"என்ன மச்சான், பாட்டை நிறுத்திட்டீங்க?"

"உன் தங்கச்சி போன் பண்ணுச்சு. இதுலயே வந்துடுச்சு. நான் எதையும் அமுக்கல" என்றார். "அப்புறம் பேசுமாம்."

வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்து வந்தார். முனகவில்லை. என்ன கேட்டுத் தெரிந்துகொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பின்பக்கக் கதவைச் சாத்திக்கொண்டு தங்கச்சியைக் கூப்பிட்டான். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அண்ணா, வண்டில அவரு இருந்தாரா? எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு ஆரம்பிச்சுட்டேன்."

"என்ன சொன்னே?"

"நீ சொல்றதைத்தான் சொன்னேன். மூட்டை இன்னும் எறங்கலையா, இன்னைக்கு என்ன பாட்டு குடுத்தாரு வாடகைக்குன்னு கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"'ம்'னு ஒரு சத்தம் வந்துச்சுண்ணா. நீயும் எப்பவும் 'ம்'னுதானே சொல்லுவே. அதனால சாப்பாட்டு நேரத்துக்கு நொண்டறாருன்னு சொன்னியே, அதையும் சொல்லிச் சிரிச்சேன். அப்புறம்தான், 'நான் பேசறேம்மா, உங்க அண்ணியோட அண்ணன், மாப்ளே உள்ள போயிருக்காரு'ன்னாரு. மரியாதையா சொன்னாரு. நான் செத்தே போயிட்டேன்."

அவன் சுவரில் சாய்ந்து நின்றான். அவள் தன்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நீ ஏன் அழுகிறாய், ஒரு வார்த்தையாவது உன்னுடையதா என்று கேட்க வேண்டியவன், "சரி, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மச்சான் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டார். மனைவி இன்னொரு கரண்டி எடுத்து வர, கையைத் தட்டின்மேல் குடை மாதிரி விரித்து மறைத்தார்.

"என்னண்ணா, பசிக்கலையா?"

"மத்தியானம் சாப்பிட்டதே நிக்குது."

கண்ணாடிக்காரன் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையில் மச்சான் பையைக் கட்டி வைத்திருந்தார். கம்பெனியில் உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற வேலை இருக்கிறதாம், கூப்பிட்டுவிட்டார்களாம். மனைவி சண்டை போட்டாள், கெஞ்சினாள், டாக்டரைச் சொல்லி மிரட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. "ஏங்க, நீங்களாவது சொல்லுங்க" என்று அவன் பக்கம் திரும்பினாள். மச்சானும் அவன் முகத்தைப் பார்த்தார். இருங்க மச்சான் என்று இரண்டு சொல் போதும். தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் அதையும் நடிப்பு என்றுதானே எடுத்துக்கொள்வார் என்று தோன்ற, "அவரு இஷ்டம்" என்று முனகினான். தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை.

கொண்டுபோய் விட்டான். மூன்று மாடிப் படியையும் மச்சான் உட்கார்ந்தே ஏறினார். ஒரு படியில் பின்பக்கமாக உட்காருவது, கையை ஊன்றி அடுத்த படிக்கு உடம்பைத் தூக்குவது, வலிக்கிற காலை இழுத்துக்கொள்வது. கண்ணாடிக்காரன் பையோடும் ஊன்றுகோலோடும் பின்னால் ஏறினான். கைத்தாங்கலுக்குப் போனபோது, "வேண்டாம், பழகிக்கறேன்" என்றார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் நெற்றி வியர்த்து, உதடு வெளுத்திருந்தது. கதவைத் திறந்ததும், "நீங்க கிளம்புங்க மாப்ளே, கடைக்கு நேரமாச்சு" என்றார்.

நீங்க. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத சொல்.

அதற்கப்புறம் அவன் காரில் பாட்டுப் போடவில்லை. மகள் கேட்டாள், தலைவலி என்றான். ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது கை தானாகக் குமிழைத் திருப்பிவிட்டது. திரையில், மச்சான் பாட்டுகளைப் பிரித்து வைத்திருந்த கோப்புறைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடின. எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். "காலையில் கடைக்குப் போகும்போது." "மழை." "டிராபிக்கில் மாட்டினால்." "குட்டிப் பொண்ணு தூங்க." கடைசியில் ஒன்று: "தங்கச்சியோடு சண்டை போட்ட பிறகு." அவர் தங்கச்சிக்கு, அதாவது இவன் மனைவிக்கு, பிடித்த பாட்டுகளாக அதில் திரட்டி வைத்திருந்தார். ஆள் வேடிக்கைக்காரர்தான். வேறு சமயமாயிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பான். பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் சிக்னல் பச்சையானது தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தாள். கூட்டி வரப் போயிருந்தான், கீழேயே நின்றிருந்தான். கார் கதவைப் பட்டென்று சாத்தினாள்.

"கால் மறுபடி வீங்கிக் கிடக்கு. தகடுகிட்ட அசைஞ்சிருக்கு, திரும்பக் கட்டுப் போடணும்கிறாராம் டாக்டர். படி ஏறி எறங்கினா வீங்காம? உக்காந்த வேலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா சொல்லியிருக்காரு. எங்கண்ணன் எப்பவுமே இப்படித்தான். எங்கயும் ஒட்ட மாட்டாரு. நல்லா பாத்துக்கிட்டா அவருக்கு ஆகாது. திமிரு புடிச்ச மனுஷன்!"

அவள் இன்னும் திட்டினாள். அண்ணன்மேல் விழுந்த ஒவ்வொரு திட்டும் அவனுக்குத் தன் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. ஒரு மரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினான்.

"அவரைத் திட்டாதே. நான் சொன்னதுதான் காரணம்."

எல்லாவற்றையும் சொன்னான். தங்கச்சிமேல் பழி போட ஒரு வழி இருந்தது, போடவில்லை. சொல்லி முடித்ததும் இனி அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் முன்னால் இருந்த சாலையைப் பார்த்தபடி கேட்டாள்.

"வாடகைன்னா சொன்னீங்க?"

"ம்."

"உங்க தங்கச்சி சிரிச்சாளா?"

"சிரிச்சா."

"நல்லா சிரிக்க வைப்பீங்க நீங்க" என்றாள். பிறகு, "வண்டியத் திருப்புங்க" என்றாள்.

இந்த முறை அவனும் மேலே ஏறினான். மச்சான் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அறையில் எல்லாப் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தண்ணீர்ப் பாத்திரம், ரொட்டிப் பொட்டலம், மாத்திரை. இருவரையும் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இவகிட்ட ஏன் சொன்னீங்க? நான் சொல்லலையே" என்றார்.

"மச்சான், அதெல்லாம் நான் பேசினது. என் தங்கச்சி திருப்பிச் சொன்னா, அவ்வளவுதான். மனசாரச் சொல்லல. சும்மா, சிரிப்புக்காக." சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான சமாதானம் என்று அவனுக்குத் தெரிந்தது. "தப்பு. பெரிய தப்பு. வீட்டுக்கு வாங்க."

"குரல் அவளோடதா இருந்தாலும் பேச்சு உங்களோடதுன்னு அப்பவே தெரிஞ்சுது. அந்த மாதிரி நீங்கதான் பேசுவீங்க" என்றார் மச்சான். கோபமாகச் சொல்லவில்லை. "நான் கேட்டிருக்கக் கூடாது. முதல்லயே 'நான் இல்லம்மா'ன்னு சொல்லியிருக்கணும். என்னமோ, மேல என்ன வருதுன்னு கேக்கணும் போல இருந்துச்சு. அது என் தப்பு."

"உன் தப்பு ஒண்ணும் இல்லண்ணா. கிளம்பு. இன்னைக்கே கிளம்பு" என்றாள் மனைவி, அவர் துணிகளை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டே.

அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "நான் வரலம்மா. கோபத்துல சொல்லல. அங்க வந்தா ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும், நிஜமாவே வலிக்குதா, இல்ல நடிக்கறேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடும். இங்க இருந்தா கால் மட்டும்தான் வலிக்குது."

கடைசியில் கீழ்த்தளத்தில் காலியாக இருந்த ஒரு அறையைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் பேசி, குணமாகும் வரைக்கும் மாற்றிக்கொள்ள ஏற்பாடாயிற்று. கட்டிலையும் அடுப்பையும் கண்ணாடிக்காரனே இறக்கினான். அன்றாடம் கடைக்குப் போகும் வழியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். மச்சான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாத்திரத்தைக் கழுவி, துடைத்து, வாசலிலேயே வைத்திருப்பார். கண்ணாடிக்காரனின் தங்கச்சி அவரைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். "விடும்மா, குறை சொல்றதுன்னா அந்தப் போனைச் சொல்லு, போன் பண்ணவளை எதுக்குச் சொல்றே" என்று வேடிக்கையாகப் பேசி அவளை ஆற்றிவிட்டாராம். அவளைத் தேற்றுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. மனைவியும் மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். முதலில் வேலையைப் பற்றி, பிறகு மகளைப் பற்றி. சிரிப்புக் கதை மட்டும் அவளிடம் அவன் சொல்வதில்லை. தங்கச்சியிடமும் சொல்வதில்லை.

கால் ஆறி, மச்சான் வேலைக்குத் திரும்பி வெகுநாள் கழித்து, மகள் பிறந்தநாளுக்குச் சாப்பிட வந்தார். காரில் கூட்டி வருகிறேன் என்றதற்கு, பஸ் வசதியாக இருக்கிறது என்றுவிட்டார். கண்ணாடிக்காரன் மாடி ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெருமுனையில் மச்சான் திரும்பினார். ஊன்றுகோல் இல்லை. லேசாக ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தார். அந்தக் கால் இனி முழுக்கச் சரியாகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வாசல் கதவுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூச்சை இழுத்து, நிமிர்ந்தார். அதன் பிறகு கதவைத் திறந்து உள்ளே வந்தார். நொண்டாமல், நேராக, ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைத்து.

கண்ணாடிக்காரன் ஜன்னலை விட்டு விலகிக்கொண்டான். பார்த்தது தெரியக் கூடாது. கீழே இறங்கிப் போனபோது மச்சான் கூடத்தில் நின்றிருந்தார், மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

"வாங்க மாப்ளே, நல்லா இருக்கீங்களா?" என்றார்.

"உக்காருங்க மச்சான்" என்றான் அவன். "முதல்ல உக்காருங்க."